ஏ லைன், பி லைன்

மதுக்கரை மார்க்கெட்டில் காலை ஏழரை மணி. கோவைப் பக்கம் டீ குடிக்க வேண்டுமென்றால் டீக்கடையைத் தேட மாட்டோம், பேக்கரிக்குத்தான் போவோம். அன்றைக்கு நான் நின்ற பேக்கரியில் கல்லாவுக்கு முன்னால் எட்டுப் பேர்: சிமென்ட் ஏற்ற வந்த லாரி டிரைவர்கள் இருவர், ஷிப்ட் முடித்து வந்த நான்கு பேர், ஒரு கல்லூரிப் பையன், நான். பையன் பணத்தை அனுப்பிவிட்டுத் திரையைக் காட்டினான். பணம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கடைக்காரர் தம் போனை எடுத்தார். திரை முழுக்க ஒரே அறிவிப்பு. புதிய வெர்ஷன் வந்திருக்கிறதாம், அதைப் போட்டால்தான் உள்ளே போக முடியுமாம். மூடுவதற்குப் பெருக்கல் குறிகூட இல்லை.

"ஏனுங்க, கடையில ஆளு நிக்கறப்பத்தான் இதுக்கு அப்டேட் கேக்கோணுமா? ராத்திரி பூரா சும்மாதானுங்க கெடந்துச்சு!"

பொதுவாகப் பார்த்துச் சொன்னார். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் நாற்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளை, அவர் கையிலிருந்து பிடுங்காமல் எப்படி மாற்றுவது?

அதே பேக்கரியிலிருந்து கொஞ்ச தூரம் மேற்கே போனால் இந்தக் கேள்விக்கு உயிர் விலை இருக்கிறது. மதுக்கரையைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகும் ரயில் பாதை, எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவில் இரண்டாகப் பிரிந்து காட்டுக்குள் போகிறது. ஏ லைன், பி லைன் என்று பெயர். மதுக்கரை வனச்சரகத்துக்குள் ஏ லைன் 1.78 கிலோமீட்டர், பி லைன் 2.8 கிலோமீட்டர். மேற்கு மலையிலிருந்து இறங்கும் யானைகளுக்கு ரயில்வே கால அட்டவணை தெரியாது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மங்களூரு–சென்னை எக்ஸ்பிரஸ் மோதி ஒரே இடத்தில் மூன்று யானைகள் இறந்தன. அதுவரை வேட்டைத் தடுப்புக் காவலர்கள் டார்ச் விளக்கோடு தண்டவாளத்தை நடந்து பார்த்ததுதான் பெரிய பாதுகாப்பு.

2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாயில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு இங்கே தொடங்கி வைக்கப்பட்டது. 12 கோபுரங்கள். இருட்டிலும் உடல் வெப்பத்தை வைத்து விலங்கைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள். தண்டவாளத்தை யானை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அங்கிருந்து வனத்துறைக்கும் ரயில்வேக்கும் போகும். லோகோ பைலட் வேகத்தைக் குறைப்பார். யானைகளுக்காகப் பாதைக்கு அடியில் சுரங்க வழிகளும் கட்டப்பட்டன.

படம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் மென்பொருள் ஒருநாளும் எழுதி முடிந்துபோவதில்லை. மழைத் தாரை, மார்கழிப் பனி, வெயிலில் சூடேறிய பாறை, மேய்ச்சலுக்கு வந்த மாடு என்று ஒவ்வொரு பருவமும் புதிதாக ஒன்றைக் காட்டும். இப்படிப்பட்ட ஒன்றுக்கு அவ்வப்போது புது வெர்ஷன் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் எப்போது? பேக்கரிக்காரராவது பத்து மணிக்கு ஷட்டரை இறக்குவார். இந்தக் கோபுரங்களுக்கு ஷட்டர் கிடையாது. ராத்திரிதான் இவற்றுக்கு வியாபார நேரம்.

முதலில் போனுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். ஒரு செயலி இரண்டு இடத்தில் இருக்கிறது. சேமிப்பில் கோப்பாகக் கிடப்பது ஒன்று. திறந்ததும் நினைவகத்துக்கு ஏறி ஓடுவது இன்னொன்று. அப்டேட் என்பது கிடப்பதை மாற்றுவது. ஓடுவதற்கு அது தெரியாது. இங்கேதான் சண்டை. விண்டோஸ் கணினி இதில் கறார் பேர்வழி: யாராவது திறந்து வைத்திருக்கும் நிரலைத் தொட விடாது. அதனால்தான் 'ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்று கழுத்தை நெரிக்கிறது. மாற்ற வேண்டிய கோப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி எழும்போது வேறு யாரும் தொடுவதற்கு முன் மாற்றிவிடுகிறது. லினக்ஸ் வேறு சாதி. கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதுக் கடைக்கு மாட்டிவிடும். ஆனால் பழைய கடைக்குள் கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை விளக்கை அணைக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், உள்ளே இருக்கும் பழைய ஆள் பாதியில் 'இன்னொரு சட்னி' என்று கேட்டால் புதுக் கடையின் சமையலறையிலிருந்து வேறு ஏதோ வரும். பழைய நிரல், புதுத் துணைக் கோப்பு. ரெண்டும் ஒட்டாது, படுத்துவிடும்.

குரோம் உலாவி இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. புது வெர்ஷனைப் பழையதன் மேல் எழுதாமல் பக்கத்தில் தனி அறையில் இறக்கி வைக்கும். நீங்கள் மூடித் திறக்கும்போது புது அறைக்குள் போவீர்கள். மூடவே இல்லையென்றால் மூலையில் ஒரு சின்ன நிறம் மாறும்: இரண்டு நாளுக்குள் பச்சை, நாலு நாளில் ஆரஞ்சு, ஒரு வாரமானால் சிவப்பு. கேட்டுப் பார்க்கும், கெஞ்சும், முறைக்கும், பிடுங்காது. ஆண்ட்ராய்டு செயலிகளுக்கும் கூகுள் இரண்டு வகை அப்டேட் கொடுத்திருக்கிறது. ஒன்று, நீங்கள் வேலை பார்க்கையிலேயே பின்னால் இறக்கி வைத்துவிட்டு, தோதான நேரத்தில் மாற்றிக்கொள்வது. மற்றது திரையை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்பது. எந்த வகை என்று முடிவு செய்வது செயலியை எழுதுகிறவர். பாதுகாப்பு ஓட்டை திறந்து கிடக்கிறது, பணம் போகும் என்றால் மறைத்து நிற்பதில் நியாயம் இருக்கிறது. தீபாவளிக்கு ஐகான் நிறத்தை மாற்றியதற்கெல்லாம் எட்டுப் பேரை வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளேயே ஏ, பி என்று இரண்டு பாதைகள் இருக்கலாம். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் இந்த ஏற்பாடு. இயங்குதளத்துக்கு இரண்டு பிரதிகளுக்கு இடம். நீங்கள் ஏ-யில் பேசிக்கொண்டிருக்கும்போது பி-யில் புதியது சத்தமில்லாமல் எழுதப்படும். அடுத்த முறை போன் எழும்போது பி-யில் எழும். எழ முடியாமல் தடுமாறினால் பழையபடி ஏ-க்கே திரும்பிவிடும். பெரிய சர்வர் கூடங்களிலும் இதே தந்திரம்தான்: ஒரே மாதிரி இரண்டு கூடம், ஒன்றில் கூட்டம், மற்றதில் வேலை, முடிந்ததும் வாசலை மாற்றித் திறப்பார்கள்.

இதை எனக்குப் புரிய வைத்தது கம்ப்யூட்டர் புத்தகம் இல்லை, நம் ஊர்க் கல்யாண மண்டபம். முதல் பந்தி நடக்கும்போது சமையல்காரருக்குத் திடீரென்று ஞானம் வந்து சாம்பாரை மாற்றலாம். ஆனால் உட்கார்ந்திருப்பவர் இலையை யாராவது உருவுவார்களா? முதல் பந்தி பழைய சாம்பாரிலேயே எழுந்து கை கழுவும். இரண்டாம் பந்திக்குப் புதியது. வாசலில் நிற்கும் மாமா ஒருவர், 'இந்தக் கூடம் நிறைஞ்சுதுங்க, அந்தப் பக்கம் வாங்க' என்று வருகிறவர்களைத் திருப்பிவிடுவார். அந்த மாமா செய்யும் வேலையைத்தான் சர்வர் கூடங்களில் சுமை பங்கீட்டு நிரல் செய்கிறது. புதிதாக வருகிறவரைப் புதிய வெர்ஷனுக்கு அனுப்பும். பழையதில் பாதி வேலையில் இருப்பவர் முடித்துப் போகும்வரை காத்திருக்கும். காலியானதும் பழையதை அணைக்கும்.

மாமா இல்லாத மண்டபமும் இருக்கிறது. நீண்ட ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றை ஒருமுறை காலையில் திறந்து, சான்றிதழ்களை எல்லாம் தேடி எடுத்து, மதியம் ஆறாவது பக்கத்துக்கு வந்தேன். 'அடுத்து' என்று தட்டினால் வெள்ளைத் திரை. இடையில் அவர்கள் தளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். என் உலாவியில் இருந்தது காலைப் பதிப்பு. அது கேட்ட அடுத்த துண்டு சர்வரில் அழிக்கப்பட்டிருந்தது. பழைய துண்டுகளை இன்னும் ஒரு வாரம் போட்டு வைத்திருந்தால் ஆகிற செலவு சில பைசா. என் அரை நாள் போனது.

பந்தியை நிறுத்தாமல் சாம்பாரை மாற்றும் கலையில் கைதேர்ந்தவர்கள் தொலைபேசிக்காரர்கள். எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டு அப்டேட் போட முடியாது. யாராவது எப்போதும் பேசிக்கொண்டிருப்பார்கள். 1986 வாக்கில் சுவீடனின் எரிக்ஸன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் ராபர்ட் விர்டிங்கும் மைக் வில்லியம்ஸும் இதற்கென்றே எர்லாங் என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதில் ஒரே நிரலின் பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் ஒரே நேரத்தில் ஓடலாம். பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு பழையதில் தொடரும், புது அழைப்பு புதியதில் போகும். மூன்றாவது வெர்ஷனை ஏற்றும்போதும் யாராவது முதல் வெர்ஷனிலேயே உட்கார்ந்திருந்தால் எழுப்பி விட்டுவிடும். மூன்றாம் பந்திக்கு மணி அடித்த பிறகும் பாயசத்துக்காகக் காத்திருப்பவரை என்ன செய்வது? ஊரெல்லாம் காலை வணக்கம் அனுப்பும் வாட்ஸ்அப்பின் சர்வர்கள் இந்த எர்லாங்கில்தான் எழுதப்பட்டன. 2014-இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியபோது 45 கோடிப் பயனர்கள், 32 பொறியாளர்கள்.

எல்லாக் கூடத்திலும் சாம்பாரை மாற்றியாகிவிட்டது என்று நம்புவதில்தான் ஆபத்து. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. அந்த எட்டாவதில் 2003-லேயே கைவிடப்பட்ட ஒரு பழைய நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் பழைய சுவிட்சையே புது வேலைக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்தது, சுவிட்ச் போடப்பட்டது, எட்டாவது சர்வர் கண்டபடி பங்குகளை வாங்கித் தள்ளத் தொடங்கியது. பதறிப்போனவர்கள் புது நிரல்தான் கோளாறு என்று நினைத்து, நன்றாக இருந்த ஏழிலிருந்தும் அதை எடுத்தார்கள். எட்டும் பைத்தியமானது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

புது விதை வந்தால் நம் பக்கத்து விவசாயி நாலு ஏக்கரிலும் விதைத்துவிட மாட்டார். ஒரு பாத்தியில் போட்டு முளைப்பைப் பார்ப்பார். செயலிக் கடைகளிலும் இந்த வசதி உண்டு: நூற்றில் ஒருவருக்குக் கொடு, படுத்துக்கொள்ளாவிட்டால் ஐந்து பேருக்கு, பிறகு இருபது. 2024 ஜூலை 19 காலை, நம் நேரப்படி 9.39-க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்ன உள்ளடக்கக் கோப்பை எல்லோருக்கும் ஒரே அடியாக அனுப்பியது. நிரல் 20 விவரங்களைத்தான் கொடுத்தது. கோப்பு 21-ஆவதைத் தேடியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. ஹைதராபாத்தில் இண்டிகோ பயணிகளுக்குப் பேனாவால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். எழவே முடியாத கணினிக்கு இணையம் வழியாக மருந்து அனுப்ப முடியாதல்லவா? ஆள் போய் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. இத்தகைய கோப்புகளையும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு அந்த நிறுவனம் மாறியது அதற்குப் பிறகுதான்.

நிரலை மாற்றுவதைவிடக் கணக்கை மாற்றுவது கடினம். நிரல் போனால் திரும்ப ஏற்றலாம். புது வடிவத்தில் எழுதிவிட்ட கணக்கைப் பழைய நிரலால் படிக்க முடியாது. இதற்கு நம் நாடே ஒருமுறை வழி காட்டியது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. அணாவை அன்றைக்கே செல்லாது என்று அறிவிக்கவில்லை. சில வருடங்கள் அணாவும் பைசாவும் ஒரே கல்லாவில் கிடந்தன. காலணாவுக்கு எத்தனை பைசா என்று அட்டையைப் பார்த்துச் சில்லறை கொடுத்தார்கள். எல்லோர் வாயிலும் பைசா பழகிய பிறகு 1964 ஜூன் 1-இல் 'நயா' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். தரவுத்தளம் மாற்றுகிறவர்கள் இன்றும் இதே வரிசையில்தான் போகிறார்கள்: முதலில் புதியதைப் பக்கத்தில் சேர், கொஞ்ச காலம் இரண்டிலும் எழுது, எல்லோரும் புதியதைப் படிக்கத் தொடங்கியதும் பழையதை எடு. இந்தக் கடைசிப் படியைப் பல நிறுவனங்கள் மறந்துவிடும் என்பது வேறு கதை. பல வருடங்கள் கழித்துப் பார்த்தால் உள்ளே அணா கிடக்கும்.

எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்து ஓட்ட முடியாது. சுவீடன் 1967 செப்டம்பர் 3-இல் சாலையின் இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு மாறியது. பாதிப் பேர் இடப் பக்கம், மீதிப் பேர் வலப் பக்கம் என்று படிப்படியாகவா போவது? விடியற்காலையில் வண்டிகளை எல்லாம் நிறுத்தி, பக்கம் மாற்றி, ஐந்து மணிக்கு ஓட விட்டார்கள். எச்.டி.எஃப்.சி. வங்கி தன் மையக் கணினி அமைப்பை மாற்ற 2024 ஜூலை 13-ஐ, இரண்டாவது சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தது. எங்கள் பக்கத்தில் போத்தனூர்–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்க ரயிலையே நிறுத்தினார்கள்; பல வருடம் கழித்து 2017-இல்தான் மறுபடி ஓடியது. இவ்வளவு நீண்ட 'தயவுசெய்து காத்திருக்கவும்' எந்தச் செயலியிலும் நான் பார்த்ததில்லை.

நிறுத்துவதா, ஓட்டிக்கொண்டே மாற்றுவதா என்ற இந்தக் கணக்கு சிமென்ட் ஊரான மதுக்கரைக்குப் புதிதில்லை. சிமென்ட் சூளைக்குள் 1,450 டிகிரி. நினைத்த நேரத்தில் அணைத்தால் உள்ளே பதித்த தீச்செங்கல் வெடிப்பு விடும். அணைத்த பிறகும் சும்மா விட முடியாது. சூடு ஆறும்வரை மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருளை வளைந்துவிடும். அதனால் எல்லாப் பழுதையும் சேர்த்து வைத்து, ஷட்டவுன் என்று நாள் குறித்து நிறுத்துவார்கள்.

ரயில்வேயில் இதற்கு 'பிளாக்' என்று பேர். தண்டவாளத்தில் கை வைக்க வேண்டுமென்றால் பிளாக் வாங்க வேண்டும்: இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இந்தப் பாதையில் வண்டி வராது என்ற ஒப்புதல். ஒரு பாதையில் பிளாக் என்றால் இன்னொன்றில் வண்டியை ஓட்டிக்கொள்ளலாம். சிக்னலையும், தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டியைத் திருப்பிவிடும் பாயிண்டையும் பிணைத்து வைக்கும் இன்டர்லாக்கிங்கை மாற்றும்போது இன்னும் கெடுபிடி. அந்த நாட்களில் இயந்திரத்தை நம்புவதில்லை. பாயிண்டை இறுகப் பிடித்துப் பூட்டுப் போட்டு, கொடி காட்டி, வண்டியை ஊர்ந்து போக விடுவார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மறுபடி சிக்னல் உயிர்பெறும்.

இந்தக் கெடுபிடி எதற்கு என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாது. 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பாகாநாகா பஜார் நிலையத்தில் நேர்ப் பாதைக்குப் பச்சை விளக்கு வாங்கி, பக்கப் பாதையில் நின்ற சரக்கு வண்டியின் மேல் ஏறியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணையில் தெரிந்தது: அங்கே சிக்னல் சுற்றில் முன்பு செய்திருந்த ஒரு மாற்றத்திலும், 94-ஆம் எண் லெவல் கிராசிங் கேட்டின் மின் தடுப்பை மாற்றும் வேலையிலும் நடந்த தவறுகள். ஓடிக்கொண்டிருந்த அமைப்பின் வயரை மாற்றியவர்களுக்கும், விளக்கைப் பார்த்து ஓட்டியவருக்கும் நடுவில் சோதனை விடுபட்டிருந்தது. பாயிண்ட் ஒன்று காட்டியது, சிக்னல் வேறு காட்டியது. நான் முன்னே சொன்ன பழைய நிரல், புதுத் துணைக் கோப்பு மாதிரியேதான். ஆனால் இங்கே 'படுத்துவிடும்' என்று எழுதக் கை வரவில்லை.

இப்போது கோபுரங்களுக்கு வருவோம். கட்டுப்பாட்டு அறையில் எந்த முறையில் புது வெர்ஷன் ஏற்ற வேண்டும் என்று என்னைக் கேட்டால், மேலே சொன்ன எல்லாரிடமும் ஒவ்வொன்றைக் கடன் வாங்குவேன். பன்னிரண்டையும் ஒரே ராத்திரியில் மாற்றக் கூடாது. ஒரு கோபுரம்தான் நம் பரீட்சைப் பாத்தி. அந்தக் கோபுரத்திலும் புதிய நிரலுக்குக் கேமராவைக் காட்டலாம், ஆனால் முதலில் சில வாரம் அதற்குப் பேச உரிமை கிடையாது. பழையதுதான் மணி அடிக்கும். புதியது தான் பார்த்ததை நோட்டில் மட்டும் எழுத வேண்டும். காலையில் இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பழையது யானை என்றபோது புதியது மாடு என்றால் அன்றைக்கே பிடித்துவிடலாம். இதற்கு நிழல் ஓட்டம் என்று தொழிலில் பேர். புதியதற்குப் பேச்சுரிமை கொடுத்த பிறகும் பழையதை அழிக்காமல் ஒரு மழைக்காலம், ஒரு கோடை தாண்டும்வரை பி அறையில் வைத்திருப்பேன். மாற்றும் அந்தச் சில நிமிடங்களில் லோகோ பைலட்டுகளுக்கு வேகக் கட்டுப்பாடு, தண்டவாள ஓரத்தில் டார்ச்சோடு வேட்டைத் தடுப்புக் காவலர். கேமரா வந்துவிட்டது என்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஊரில் அப்டேட் போடுவதற்கு நான் வர மாட்டேன்.

போன வாரம் மறுபடி அந்தப் பேக்கரிக்குப் போனேன். கல்லாவில் இரண்டு போன். ஒன்று பழசு, மூலையில் கீறல் விழுந்தது.

"இதென்னங்கண்ணா, ரெண்டு?"

"புதுசுக்குத்தானுங்க அப்டேட்டெல்லாம். பழசுல ஆட்டோ அப்டேட்ட நிறுத்திப் போட்டேன். புதுசு ஒரு வாரம் ஒழுங்கா ஓடுச்சுன்னா, கடை சாத்தின பொறவு இதுக்கும் போட்டுக்குவேன்."

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பையன் சொன்னானோ, லாரிக்காரர் யாராவது சொன்னார்களோ என்று நினைத்தேன். அவர் பன்னைத் தட்டில் வைத்தபடியே சிரித்தார்.

"அன்னைக்கு எட்டுப் பேரு நின்னாங்களே, அவுங்க பார்த்த பார்வைதானுங்க."

நான் போனை எடுத்து ஸ்கேன் செய்யப் போனேன். எனக்கும் திரையில் ஒரு அறிவிப்பு.

"விடுங்க, சில்லறையாவே குடுங்க," என்றார்.